திக்கால் பிரமிடுகளில் ஒரு மாலை: அரைநாள் சுற்றுலாவைத் திட்டமிடுவது எப்படி

திக்காலில் நான்காம் கோயில் எனப்படும் பிரமிடின் உச்சிக்கு மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்ததும் பலரும் முதலில் கேட்பது, "சூரியன் எங்கே?" என்பதுதான். சூரியன் முதுகுக்குப் பின்னால், கோயில் சுவருக்கு அப்பால் இறங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கோயில் கிழக்கு பார்த்தது, நாம் உட்காரும் படியும் அப்படியே. ஏமாந்துவிட்டோம் என்று நினைத்துப் பாதியில் இறங்கிப் போகிறவர்களும் உண்டு. போகாதீர்கள். அரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, காட்டுக்கு மேலே தலை நீட்டி நிற்கும் முதல் கோயில் மேற்கு பார்த்தது. சாயும் வெயில் நேரே அதன் முகத்தில் விழும். விடியற்காலையில் இதே இடத்திலிருந்து பார்த்தால் கோயில்கள் கறுத்த நிழலுருவாகத்தான் தெரியும். அவற்றின் முகம் தெரிய வேண்டுமென்றால் மாலையில்தான் வர வேண்டும். இந்தச் சுற்றுலாவின் மணிக்கணக்கு எல்லாம் அந்த அரைமணி நேர வெளிச்சத்தை வைத்துப் போடப்படுவது.

திக்கால் இருப்பது மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் வடக்கே, பெத்தேன் மாநிலத்துக் காட்டுக்குள். அந்தப் பகுதியின் பழங்கால நாகரிகமான மாயா மக்களின் மன்னர்களுக்கு இது தலைநகரம். அதன் பழைய பெயர் யாஷ் முத்தால். தேதி பொறித்த கடைசிக் கல் கி.பி. 869-ஐச் சேர்ந்தது, அதற்குப் பின் நூறாண்டுக்குள் ஊர் காலியாகி, காடு மூடிக்கொண்டது. 1955-இல் தேசியப் பூங்காவாகவும், 1979-இல் யுனெஸ்கோவின் உலக மரபுக்களமாகவும் அறிவிக்கப்பட்டது. எகிப்துப் பிரமிடுபோலக் கூராக முடியாமல், இங்கே படிப்படியாக உயரும் மேடையின் தலையில் சிறு கோயில் ஒன்றும், அதற்கு மேல் கல்லாலான உயரமான கொண்டை ஒன்றும் இருக்கும்.

எங்கே தங்குவது?

பெரும்பாலோர் பெத்தேன் இட்சா ஏரிக்குள் தீவாக இருக்கும் ஃப்ளோரஸ் ஊரில் தங்குகிறார்கள். அங்கிருந்து திக்கால் 64 கிலோமீட்டர். வேனில் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஏரியின் கிழக்குக் கரையில் உள்ள எல் ரெமாத்தே கிராமம் ஏறக்குறையப் பாதி தூரத்தில் இருக்கிறது. மாலைச் சுற்றுலாவுக்கு மட்டும் வருகிறவர்களுக்கு எங்கள் தேர்வு எல் ரெமாத்தேதான்: இருட்டிய பிறகு வேனில் உட்காரும் நேரம் பாதியாகும். பூங்காவுக்குள்ளேயே சில விடுதிகள் உண்டு. விலை கூடுதல், மின்சாரம் எல்லா நேரமும் இருக்கும் என்று நம்ப முடியாது; ஆனால் இறங்கி வந்ததும் படுக்கைக்குப் போய்விடலாம்.

பெலிஸ் நாட்டின் சான் இக்னாசியோவிலிருந்து ஒரே நாளில் வந்து திரும்பும் சுற்றுலாவும் உண்டு. அது பகல் சுற்றுலாவுக்குச் சரிப்படும், மாலைக்குச் சரிப்படாது. எட்டு மணிக்கு மேல் எல்லை வரை அந்தச் சாலையில் இருட்டில் போவது நல்ல யோசனை இல்லை. அன்றிரவு எல் ரெமாத்தேயில் தங்கிவிட்டு மறுநாள் எல்லை கடந்துகொள்ளுங்கள்.

மணிக்கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

இங்கே சூரியன் மறையும் நேரம் நவம்பர் கடைசியில் ஏறக்குறைய 5.20. ஜூலைத் தொடக்கத்தில் ஏறக்குறைய 6.40. இடையே ஒரு மணி இருபது நிமிடம் வித்தியாசம். ஆனால் ஆண்டு முழுக்க ஒரே நேரத்துக்கு, அதாவது ஒரு மணிக்கு, வேனைக் கிளப்பும் ஏற்பாட்டாளர்கள் பலர். ஜூலையில் அது தாராளம். நவம்பர், டிசம்பரில் ஒரு மணிக்கு ஃப்ளோரஸை விட்டால், வழியில் ஆள் ஏற்றி, வாயிலில் சீட்டு வாங்கி, உள்ளே நடக்கத் தொடங்கும்போது மூன்றேகால் ஆகிவிடும். பெரிய சதுக்கத்தைக் கண்ணால் தொட்டுவிட்டு ஓட வேண்டியதுதான்.

கணக்கு இதுதான். சூரியன் மறைய 45 நிமிடம் இருக்கும்போது உச்சியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு 15 நிமிடம் முன்பு கோயிலின் அடிவாரத்தில். அதற்கு முன் சுற்றிப் பார்க்க இரண்டரை மணி நேரம். அதற்கு முன் பயணம், சீட்டு, கழிப்பறை என்று இரண்டு மணி நேரம். மறையும் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் ஃப்ளோரஸை விட வேண்டிய நேரம் வந்துவிடும்: நவம்பர் கடைசியில் நண்பகல் 12-க்குள், ஜூலையில் ஒரு மணி. முன்பதிவு செய்யும்போது "எத்தனை மணிக்குக் கிளம்பும்?" என்று கேட்டதோடு நிறுத்தாமல், "எத்தனை மணிக்கு நான்காம் கோயில் உச்சியில் இருப்போம்?" என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

சீட்டு: அதிகம் பேர் தவறுவது இங்கே

பூங்கா திறந்திருப்பது காலை 6 முதல் மாலை 6 வரை. வெளிநாட்டினருக்கு நுழைவுக் கட்டணம் 150 கெட்சால் (குவாத்தமாலாவின் நாணயம்). மாலை ஆறு மணியைத் தாண்டி உள்ளே இருக்க வேண்டுமென்றால், அதற்கு மேல் 100 கெட்சாலுக்குத் தனிச் சீட்டு ஒன்று வாங்க வேண்டும்; உரிமம் பெற்ற வழிகாட்டியும் கூட இருக்க வேண்டும். வழிகாட்டி இல்லாமல் தனியாக இருட்டில் உள்ளே இருக்க அனுமதி கிடையாது. கட்டணம் மாறக்கூடியது, கிளம்புவதற்கு முதல் நாள் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சாலையோர வாயிலுக்கும் இடிபாடுகளுக்கும் இடையே 17 கிலோமீட்டர் காடு இருக்கிறது. இரண்டு சீட்டையும் அந்த வாயிலிலேயே வாங்கிவிடுங்கள். "மாலைச் சீட்டை உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே போய் இல்லை என்றால் 17 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். பாஸ்போர்ட் கேட்பார்கள், அசலைக் கையில் வைத்திருங்கள். பணத்தைக் கெட்சாலாகவே கொண்டுபோங்கள். ஏடிஎம் வேலையை ஃப்ளோரஸிலோ பக்கத்து சாந்தா எலேனாவிலோ முடித்துவிட வேண்டும்.

குளிர்காலத்தில் ஒரு சந்தேகம் வரும்: சூரியன் 5.20-க்கே மறைகிறதே, ஆறு மணிக்குள் வெளியே வந்துவிடலாமே, எதற்கு 100 கெட்சால்? நான்காம் கோயிலிலிருந்து இடிபாடுகளின் வாசலுக்கே அரைமணி நடை. காவலர்கள் அதைக் கணக்கிட்டு, வெளிச்சம் பொன்னிறமாகும் அதே நேரத்தில் சாதாரணச் சீட்டுக்காரர்களைக் கீழே இறங்கச் சொல்வார்கள். 100 கெட்சாலை மிச்சப்படுத்தப் போய், பார்க்க வந்ததைத் தொலைக்க வேண்டாம்.

சுற்றுலா விலையில் நுழைவுச் சீட்டு சேர்ந்ததா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் தெரியும் விலை பெரும்பாலும் வேனுக்கும் வழிகாட்டிக்கும் மட்டும்தான். குழுவில் எத்தனை பேர் என்பதும் முக்கியம். பன்னிரண்டு பேர் வரை வழிகாட்டி சொல்வது எல்லார் காதிலும் விழும். இருபது பேரானால் கடைசியில் நடப்பவருக்குக் கிடைப்பது முன்னால் போகிறவரின் முதுகுதான். வழிகாட்டியிடம் சுற்றுலாத்துறையான இங்குவாத் வழங்கிய அடையாள அட்டை இருக்கும். கேட்டால் காட்டுவார், கேட்பதில் தவறே இல்லை. பயணிகளுக்கான அரசு உதவி எண் 1500. அதைக் கைபேசியில் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்?

பிப்ரவரி, மார்ச் நல்லது. மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழைக்காலம். பிற்பகலில் இடியோடு கொட்டிவிட்டு ஓயும். மழை நான்கு மணிக்கே ஓய்ந்துவிட்டால் அன்றைய வெளிச்சம்தான் ஆண்டிலேயே தெளிவானது, ஓயாவிட்டால் ஒன்றுமில்லை. ஏப்ரலிலும் மே முதல் பாதியிலும் வேறொரு தொல்லை உண்டு. சோளம் விதைக்குமுன் விவசாயிகள் காட்டு நிலத்துக்குத் தீ வைப்பார்கள். அந்தப் புகை வானம் முழுக்கப் படர்ந்து, சூரியன் சிவப்புத் தட்டுபோலத் தெரியும், கோயில்கள் மங்கிப்போகும். வெக்கையும் அந்த மாதங்களில்தான் உச்சம். அதிகாலைச் சுற்றுலாவா மாலையா என்று தடுமாறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே விடியலைப் பனிமூட்டம் பல நாள் விழுங்கிவிடும்.

பையில் என்ன?

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். நடை ஐந்தாறு கிலோமீட்டர்தான், ஆனால் காட்டுக்குள் காற்றே ஆடாது, வியர்வை காயாது. நெற்றியில் கட்டும் டார்ச் ஒன்று கட்டாயம். கைபேசி வெளிச்சத்தை நம்பாதீர்கள்: மாலை முழுக்கப் படம் எடுத்த கைபேசி, இறங்கும் நேரத்தில் சரியாகக் காலைவாரும். அதோடு, படி இறங்க இரண்டு கையும் வேண்டும். பிடிப்புள்ள ஷூ போடுங்கள். சுண்ணாம்புக்கல் மேல் பாசி படிந்திருக்கும். மழை பெய்த நாளில் அது சோப்புத் தடவிய தரைதான், செருப்பில் வந்தவர்கள் விழுவதும் அங்கேதான். மெல்லிய முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை. டீட் கலந்த கொசு மருந்தை நாலரை மணிக்கு ஒருமுறை மறுபடி பூசிக்கொள்ளுங்கள், கொசுக்கள் சாயங்காலம்தான் கிளம்பும். மழைக்காலமானால் மடித்து வைக்கக்கூடிய மழைக்கோட்டு ஒன்று. குடை வேண்டாம், உச்சியில் அது பின்னால் இருப்பவர் கண்ணைக் குத்தும்.

சாப்பாட்டை முன்கூட்டியே யோசியுங்கள். வாசலுக்கு எதிரே சிறு உணவகங்கள் உண்டு, ஆனால் நீங்கள் திரும்பும் நேரத்தில் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சோறு, கறுப்பு பீன்ஸ், வறுத்த வாழைப்பழம், மக்காச்சோள ரொட்டி எல்லாம் கிடைக்கும்; ஆனால் பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிக்கும் வழக்கம் அங்கே உண்டு. "சின் கார்னே, சின் மாந்தேக்கா" என்று சொல்லிக் கேளுங்கள்: இறைச்சி வேண்டாம், கொழுப்பு வேண்டாம். ஐயமிருந்தால் ஃப்ளோரஸிலிருந்தே பழமும் ரொட்டியும் கட்டிக்கொண்டு போய்விடலாம்.

நடை

வாசலைத் தாண்டியதும் ஒரு பெரிய இலவமரம். நம் ஊர்த் தலையணைக்குப் பஞ்சு தரும் அதே மரம்தான். அதன் தாயகம் இந்தப் பகுதிக் காடுகள். மாயா மக்களுக்கு அது உலகத்தின் நடுத்தூண்: வேர் பாதாளத்தில், கிளை வானத்தில். சாயங்காலத்தில் காட்டுக்கு மேலே கிளிகள் கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு போகும்போது, இலவு காத்த கிளி என்ற பேச்சு நினைவுக்கு வராமல் இருக்காது.

அடுத்து வழியோரம் நிற்கும் சப்போட்டா மரங்களை நின்று பாருங்கள். நாம் தின்னும் சப்போட்டாவேதான், ஆனால் இங்கே அது அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம். அடிமரத்தில் குறுக்கும் மறுக்குமாக, மேலிருந்து கீழே சாய்வான வெட்டுத் தழும்புகள் வரிசையாகத் தெரியும். மரத்தில் ஏறி, அரிவாளால் கீறி, வடியும் வெள்ளைப் பாலைக் கீழே பையில் பிடித்துக் காய்ச்சுவார்கள்; சூயிங்கம் அந்தப் பாலில்தான் செய்யப்பட்டது. அதே மரத்தின் கட்டையைத்தான் கோயில் வாசல்களுக்கு மேல்விட்டமாக வைத்தார்கள். அவ்வளவு கெட்டி, ஆயிரத்து இருநூறு ஆண்டாகியும் உளுத்துப்போகவில்லை. நான்காம் கோயிலின் செதுக்கிய விட்டங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவை இப்போது சுவிட்சர்லாந்தின் பாசெல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நல்ல வழிகாட்டி முதலில் இரட்டைப் பிரமிடு வளாகத்துக்கு அழைத்துப் போவார். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, சூரியன் போகும் வழியில் இரண்டு பிரமிடுகள். தலையில் கோயில் கிடையாது, நான்கு பக்கமும் படி. 7,200 நாள், அதாவது ஏறக்குறைய இருபது ஆண்டு கொண்ட ஒரு காலச்சுற்று முடியும்போது இப்படி ஒன்றைக் கட்டினார்கள். கிழக்கே உள்ளதுதான் துலக்கப்பட்டது. மேற்கே உள்ளது இன்னும் மண்மேடாக, மேலே மரம் முளைத்துக் கிடக்கிறது. இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். அதன் பிறகு வழியில் தென்படும் ஒவ்வொரு மேட்டையும் வேறு கண்ணால் பார்ப்பீர்கள். பெத்தேன் சமவெளியில், திக்காலுக்குள் காணும் மேடெல்லாம் பெரும்பாலும் கட்டடமே.

பெரிய சதுக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். கிழக்கே முதல் கோயில், 47 மீட்டர். ஹசாவ் சான் கவீல் என்ற மன்னனின் கல்லறை அதன் அடியில் கிடைத்தது. அதில் ஏற அனுமதி இல்லை. எதிரே இரண்டாம் கோயில், 38 மீட்டர். பக்கவாட்டில் மரப்படி போட்டிருக்கிறார்கள், அதில் ஏறலாம். முதல் கோயிலை நேருக்கு நேர் படமெடுக்க அதுவே இடம்; நான்கு மணிக்கு மேல் வெயில் உங்கள் முதுகுப்பக்கமிருந்து அதன் மேல் விழும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஒரு ஏற்றத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமென்றால் நான்காம் கோயிலுக்குப் பதில் இதையே தேர்ந்தெடுக்கலாம்.

பிறகு 57 மீட்டர் ஐந்தாம் கோயிலைக் கீழிருந்து பார்த்துவிட்டு, "தொலைந்த உலகம்" எனப்படும் வளாகத்துக்கு. அங்குள்ள பெரிய பிரமிடு 30 மீட்டர் சொச்சம்தான், ஆனால் திக்காலில் மிகப் பழைய இடங்களில் ஒன்று. அதன் கிழக்கே ஒரு நீண்ட மேடை. பிரமிடிலிருந்து பார்த்தால் அயன நாட்களில், அதாவது சூரியன் வடகோடியையும் தென்கோடியையும் தொட்டுத் திரும்பும் நாட்களில், சூரியன் மேடையின் எந்தப் பக்கம் உதிக்கிறது என்று குறித்துக்கொள்ளும் ஏற்பாடு. சூரியன் மறைவதை நேரே பார்த்தே தீர வேண்டும் என்கிறவர்கள், மேற்கும் தெரியும் உயரமான இடம் அன்று எது திறந்திருக்கிறது என்று வழிகாட்டியிடம் காலையிலேயே கேட்டுவிடுங்கள். மராமத்துக்காக ஏறும் படிகளை அவ்வப்போது மூடுவார்கள்.

விலங்குகளைப் பற்றி நான்கே விஷயம். பிசோத்தே என்று உள்ளூரில் அழைக்கப்படும், வாலைத் தூக்கிக்கொண்டு கூட்டமாக வரும் கோவாட்டிகளுக்குத் தீனி போடாதீர்கள். பையைக் கிழிக்கப் பழகிவிடும். சிலந்திக் குரங்கு தலைக்கு நேர்மேலே நின்றால் நகர்ந்து நில்லுங்கள், கிளையை ஒடித்துப் போடும், சிறுநீரும் கழிக்கும். கையூன்றுமுன் கல்லையும் வேரையும் பாருங்கள். பார்பா அமரில்லா என்ற கொடிய விரியன் இந்தக் காட்டில் உண்டு, அது வெளியே வருவதும் சாயங்காலத்தில்தான். பாதையை விட்டு ஒரு அடியும் இறங்காதீர்கள்.

உச்சியில்

நான்காம் கோயில் ஏறக்குறைய 65 மீட்டர். முதல் கோயில் மன்னனின் மகன் யிகின் சான் கவீல் கி.பி. 741 வாக்கில் கட்டியது. ஏற மரப்படிக்கட்டு, இருநூறுக்குப் பக்கமாகப் படிகள், இடையிடையே நின்று மூச்சு வாங்கத் தளங்கள். பத்து நிமிடத்தில் ஏறிவிடலாம். அவசரப்படாதீர்கள், மேலே போய்த் தலைசுற்றி உட்காருவதில் பயனில்லை.

மேலே போனதும் கல்படியில் இடம் பிடித்து உட்கார்ந்துவிடுங்கள். விளிம்பு செங்குத்தானது, படமெடுக்கப் பின்னோக்கி நகருவதும், ஒருவரைத் தாண்டி ஒருவர் நடப்பதும்தான் ஆபத்து. உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் சுவரை ஒட்டி, வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் பயம் பாதி குறையும். பேச்சை நிறுத்திவிடுங்கள், காவலர்களும் அதைத்தான் கேட்பார்கள்.

எதிரே மூன்று கொண்டைகள். வலப்பக்கம் கிட்டத்தில் 55 மீட்டர் மூன்றாம் கோயில். அது கிழக்கு பார்த்தது, ஆகவே தெரிவது முதுகு. தொலைவில் இரண்டாம் கோயிலின் முதுகு, அதற்குப் பின்னே முதல் கோயிலின் முகம். மறைவதற்கு முப்பது நிமிடம் இருக்கும்போது சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் மஞ்சளாகும். பத்து நிமிடம் இருக்கும்போது செம்பு நிறம். முதலில் மரங்களின் தலை மங்கும், கொண்டைகள் கடைசியில். அந்த நேரம் பார்த்து ஊளைக் குரங்குகள் தொடங்கும். சிங்கம், புலி என்று புதிதாய் வருகிறவர்கள் பயப்படும் சத்தம் அது. தொண்டையில் குடம்போல் உப்பிய எலும்பு ஒன்று அந்தக் குரலைப் பெருக்குகிறது, கிலோமீட்டர்க் கணக்கில் கேட்கும்.

படத்துக்கு: கைபேசியானால் திரையில் கோயிலின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள், இல்லாவிட்டால் அது கறுத்த காட்டைப் பார்த்துவிட்டுக் கோயிலை வெளுக்கடித்துவிடும். கேமராவானால் வைட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் டேலைட்டில் வையுங்கள், ஆட்டோ அந்தச் செம்பு நிறத்தைத்தான் தவறென்று எண்ணித் திருத்தும். 100 முதல் 200 மிமீ வரையிலான லென்ஸ் போதும். டிரோனுக்குத் தனி அனுமதி வேண்டும், கொண்டுவரவே வேண்டாம்.

இறங்குவது

சூரியன் மறைந்ததும் எழுந்துவிடாதீர்கள், பத்து நிமிடம் இருங்கள். கிழக்கு வானம் இளஞ்சிவப்பாகும். அதற்கு மேல் தாமதிக்க வேண்டாம். இந்த அட்சரேகையில் அந்தி குறுகியது, இருபத்தைந்து நிமிடத்துக்குள் இருட்டிவிடும், மரத்தடியில் அதற்கும் முன்பே. டார்ச்சை எரிய வைத்துக்கொண்டு, ஒரு கை கைப்பிடியில், முன்னால் போகிறவருக்கு நான்கு படி இடைவெளி விட்டு இறங்குங்கள். கீழே வந்ததும் வழிகாட்டி தலை எண்ண வேண்டும். எண்ணாவிட்டால் நீங்கள் எண்ணச் சொல்லுங்கள். கூட்டம் பிரிந்து ஆள் தவறுவது எப்போதும் அந்த அடிவாரத்தில்தான், பழைய மாயாச் சாலைகள் இரண்டு அங்கே பிரிகின்றன.

வாசல் வரை அரைமணி நடை. டார்ச்சைப் புருவத்துக்கு நேரே பிடித்துப் புல்லைப் பார்த்தால் பச்சையும் வெள்ளையுமாகப் பொட்டுப் பொட்டாக மின்னும்: அத்தனையும் சிலந்திக் கண்கள். வழிகாட்டிக்கு அன்பளிப்பாகக் கட்டணத்தில் பத்து சதவீதம் கொடுப்பது அங்கே வழக்கம், அதை நோட்டாகத் தனியே வைத்திருங்கள். மறுபயண வேன் நீங்கள் வந்த அதே வேன்தானா, எங்கே நிற்கும் என்பதை உள்ளே போகும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பயணிகள் வேன்கள் அந்நேரம் எப்போதோ போயிருக்கும். பூங்காச் சாலையில் 45 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. குறுக்கே ஜாகுவார், பாம்பு, வான்கோழி வரும் என்று படம் போட்ட பலகைகளை வழியெல்லாம் பார்ப்பீர்கள். ஓட்டுநர் விரட்டினால் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். நவம்பரில் எட்டு மணி வாக்கில், ஜூலையில் ஒன்பது மணி வாக்கில் ஃப்ளோரஸ் வந்துவிடும்.